பதினொன்றரை மணிக்கு வரும் அழைப்பு

கேள்வி: எனக்கு வயது 44. களியக்காவிளைக்கு அருகில் வசிக்கிறேன். பாறசாலையில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. காலை பத்து முதல் மாலை ஐந்தரை வரை நாற்காலிதான். கணவர் ஷார்ஜாவில் இருக்கிறார். வீட்டில் மாமியார், கல்லூரியில் படிக்கும் மகன், பன்னிரண்டாம் வகுப்பில் மகள். ஆறு மாதமாகத் தீராத அசதி, மாலையானால் தலைவலி, எதற்கெடுத்தாலும் எரிச்சல். கணவர் இரவு பதினொன்றரைக்கு அழைப்பார். பேசி முடித்துப் படுக்கப் பன்னிரண்டரை ஆகும், நாலே முக்காலுக்கு எழ வேண்டும். சோதித்துப் பார்த்ததில் எச்பிஏ1சி 6.0, இரத்த அழுத்தம் 132/86. "சர்க்கரை வரும் எல்லையில் இருக்கிறீர்கள், வாழ்க்கை முறையை மாற்றுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். யூடியூபில் பார்த்து, நான்கு மணிக்கே எழுவது, பத்தாயிரம் அடி நடப்பது, சோற்றுக்குப் பதில் சிறுதானியம், தினமும் குடிக்கும் ஐந்து சாயாவை அறவே நிறுத்துவது என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினேன். பதினோராம் நாள் நின்றுவிட்டது. மகன் வாங்கித் தந்த நடைப்பயிற்சி இயந்திரத்தில் இப்போது துணி காய்கிறது. எனக்கு மனவுறுதி இல்லையா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி சர்க்கரை அளவைப் பற்றியது அல்ல. பன்னிரண்டரைக்குப் படுத்து நாலே முக்காலுக்கு எழுவதாகப் போகிற போக்கில் சொல்லிச் சென்றிருக்கிறீர்களே, அந்த வரிதான். நாலேகால் மணி நேரத் தூக்கம். வளர்ந்த ஒருவருக்கு இரவில் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதில் மருத்துவர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அதில் பாதிக்குச் சற்று மேல் மட்டுமே பெற்றுக்கொண்டு, அதற்கு மேல் நான்கு மணிக்கே எழும் திட்டத்தையும் சுமந்து, நீங்கள் பத்து நாள் தாக்குப்பிடித்திருக்கிறீர்கள். மனவுறுதி இல்லாதவரால் இரண்டு நாள்கூட அதைச் செய்திருக்க முடியாது. ஆகவே அந்தக் கேள்வியை இங்கேயே முடித்துவிடலாம்.

பதினோராம் நாள் நின்றுபோனதற்கு வேறு காரணமும் உண்டு. இருபத்தொரு நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று அந்தக் காணொளிகளில் சொல்லியிருப்பார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாள் தேவைப்பட்டது. சிலருக்கு 18 நாள் போதுமானதாக இருந்தது, சிலருக்கு 254 நாள் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டார்கள். காலைச் சிற்றுண்டியுடன் ஒரு குவளை தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல்கள் விரைவிலும், உடற்பயிற்சி போன்றவை தாமதமாகவும் படிந்தன. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் கெடுக்கவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. நீங்களோ நான்கு கடினமான மாற்றங்களை ஒரே நாளில் ஏற்றிக்கொண்டீர்கள். ஒன்று சரிந்தபோது மற்ற மூன்றும் சேர்ந்து சரிந்தன.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஆறு மாத அசதியை வாழ்க்கை முறையின் தலையில் மட்டும் கட்டிவிடுவது மருத்துவரின் சோம்பேறித்தனம் என்றே நான் கருதுகிறேன். 44 வயதுப் பெண் ஒருவர் அசதி என்று வந்தால் முதலில் ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்எச் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இந்த வயதில் மாதவிடாய் முறைதவறி அதிக இரத்தப்போக்கு ஏற்படுவதும் சாதாரணமாகக் காணப்படுவது. வெட்கப்பட்டோ "வயதாகிறது, அப்படித்தான் இருக்கும்" என்று நினைத்தோ பல பெண்கள் அதை மருத்துவரிடம் சொல்வதில்லை. உங்கள் கடிதத்திலும் அதைப் பற்றி எதுவும் இல்லை. இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

இதை வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் உங்கள் 6.0 என்ற எண். எச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு பங்கில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதன் அளவு. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை என்றும், 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு என்றும் கொள்கிறோம். ஆனால் இரும்புச்சத்துக் குறைபாட்டால் வரும் இரத்தசோகையில், இரத்தத்தில் சர்க்கரை கூடாமலேயே இந்த எண் சற்று உயர்ந்து தெரியக்கூடும். எனவே வெறும் வயிற்றுச் சர்க்கரையையும், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் அளவையும் சேர்த்துப் பார்த்தால்தான் நீங்கள் உண்மையிலேயே எல்லையில் நிற்கிறீர்களா என்பது தெளிவாகும். அதற்குள் பயந்துபோய்ச் சோற்றை அறவே நிறுத்த வேண்டியதில்லை.

எல்லையில்தான் நிற்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது சிறு மாற்றங்களால் என்ன கிடைக்கும் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். சென்னையைச் சேர்ந்த மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம் என்ற பெயரில் நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினரைத் தினமும் அரை மணி நேரமாவது நடக்கவும் உணவில் சர்க்கரை, கொழுப்பு, மாவுப்பொருள் ஆகியவற்றைக் குறைக்கவும் ஊக்கப்படுத்தினார்கள். மூன்று ஆண்டுக் கணக்கில், முதல் பகுதியினரில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. வாழ்க்கை முறையை மாற்றியவர்களில் 39.3 சதவீதம் பேருக்கு வந்தது. நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை எடுத்துக்கொண்ட வேறொரு பகுதியினரிலும் ஏறத்தாழ அதே அளவுதான், 40.5 சதவீதம். நடையும் உணவும் மாத்திரைக்கு ஈடாக நின்றன என்பது நல்ல செய்தி. மாற்றியவர்களிலும் பத்தில் நான்கு பேருக்கு நீரிழிவு வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

உங்கள் அலுவலகம் இருக்கும் நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. 60 வாக்குச்சாவடிப் பகுதிகளைச் சேர்ந்த 1,007 பேரை வைத்து நடத்திய அந்தக் கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவு 2018-இல் வெளியானது. அக்கம்பக்கத்தினரே குழுவாகக் கூடி ஒருவருக்கொருவர் துணை நின்று பழக்கங்களை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அது. இரண்டு ஆண்டு முடிவில் குழுவில் இருந்தவர்களில் 14.9 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 17.1 சதவீதம் பேருக்கும் நீரிழிவு வந்திருந்தது. தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அந்த வேறுபாடு பெரிதாக இல்லை. ஆனால் அவர்கள் காய்கறி, பழம் உண்பது கூடியது, மது குறைந்தது, அன்றாட வேலைகளைச் செய்யும் உடல்திறன் மேம்பட்டது. சர்க்கரை எண் அசையாமல் போனாலும் மாடிப்படி ஏறுவது எளிதாகிவிட்டால் அது எனக்குப் பெரிய லாபம்தான். உங்களுக்கும் அப்படித் தோன்றினால் மேலே படியுங்கள்.

இப்போது அந்தப் பதினொன்றரை மணி அழைப்புக்கு வருகிறேன். "படுக்கைக்குப் போகும் முன் கைப்பேசியைத் தொடாதீர்கள்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது எனக்கு எளிது. ஆனால் உங்கள் கைப்பேசியில் அந்நேரத்தில் ஒலிப்பது வேடிக்கைக் காணொளி அல்ல, கணவரின் குரல். நாள் முழுவதும் மற்றவர்களுக்காக ஓடும் ஒரு பெண்ணிடம் "இன்று நீ சாப்பிட்டாயா?" என்று கேட்கும் ஒரே மனிதராக அவர் இருக்கக்கூடும். அதைப் பிடுங்கிவிட்டு உடல்நலம் தருகிறேன் என்று சொன்னால் அது அசட்டுத்தனம். வளைகுடாவில் ஒருவரை வைத்துக்கொண்டு வாழும் நம் பகுதி வீடுகள் பலவற்றில் குடும்பம் என்பது அந்த அரை மணி நேரம்தான் என்பதை இருபது ஆண்டுகளாகக் குழித்துறைப் பக்கம் நோயாளிகளைப் பார்த்து வரும் நான் அறிவேன்.

எனவே பேச்சை விட வேண்டாம், நேரத்தை மட்டும் நகர்த்திப் பாருங்கள். ஷார்ஜா நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே பதினொன்றரை என்றால் அங்கே பத்து. அவர் வேலை முடிந்து, அறைக்கு வந்து, குளியலறைக்கு முறை பார்த்துக் காத்திருந்து, சமைத்து, சாப்பிட்டுவிட்டு அழைக்கிறார் என்று ஊகிக்கிறேன். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அவர் வேலையிடத்திலிருந்து அறைக்குத் திரும்பும் வண்டிப் பயணம் ஏழு மணி அளவில் இருக்குமானால், அது உங்களுக்கு எட்டரை மணி. அந்நேரம் அவர் வண்டியில் வெறுமனே உட்கார்ந்திருப்பார். நீங்கள் எட்டு மணிக்குச் சாப்பிட்டு முடித்திருந்தால், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே முற்றத்தில் நடக்கலாம். முகம் பார்த்துப் பேசும் அழைப்பு என்றால் கைப்பேசியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிடுவோம். வார நாட்களில் குரல் மட்டும் போதும், முகத்தை விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் இருபது பேர் நடுவில் மனம்விட்டுப் பேச முடியாது என்று அவர் சொல்லக்கூடும். அது நியாயம். அப்படியானால் ஊர்க் கதையை வண்டியில் பேசிவிட்டு, அறைக்கு வந்தவுடன், சமைப்பதற்கு முன்னால், பத்து நிமிடம் தனியாகப் பேசட்டும். அதுவும் உங்களுக்கு ஒன்பதரைக்குள் முடிந்துவிடும்.

இந்த ஒரு நகர்த்தலால் உங்களுக்குக் கிடைப்பது என்ன என்று கணக்குப் பாருங்கள். பத்தரைக்குப் படுக்க முடிந்தால் தூக்கம் ஆறேகால் மணி நேரமாகிறது. ஏழுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் குறைவுதான், ஆனால் ஒரே அடியில் இரண்டு மணி நேரம் கூடியிருக்கிறது. தூக்கம் குறைந்த உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது, போதும் என்று சொல்லும் ஹார்மோன் குறைகிறது. நான்கு மணி சாயாவுடன் வாழைக்காப்பத்தை மறுக்க முடியாமல் போவதற்கு நாக்கு மட்டும் காரணம் அல்ல. இரத்த அழுத்தம், மாலைத் தலைவலி, எரிச்சல் மூன்றும் தூக்கக் குறைவால் மோசமாகக் கூடியவை. ஆகவே வேறு எதையும் தொடாமல் முதல் மாதம் முழுவதும் இதை மட்டும் செய்யுங்கள் என்பதே என் முதன்மையான ஆலோசனை.

காலை நாலே முக்காலுக்கு எழுவதைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். மகனும் மகளும் பெரியவர்கள். தேங்காய் துருவுவது, காய் நறுக்குவது, சாப்பாட்டுப் பாத்திரம் கட்டுவது ஆகியவற்றில் எதையாவது முந்தைய இரவில் அவர்கள் செய்துவைத்தால் உங்கள் எழும் நேரம் ஐந்தேகால் ஆகலாம். பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைப்பீர்கள். கல்லூரி மாணவரை நான் விடுவதாக இல்லை. நடைப்பயிற்சி இயந்திரம் வாங்கித் தரும் அளவுக்கு அம்மா மேல் அக்கறை உள்ள பிள்ளை, தேங்காயும் துருவித் தருவார். இயந்திரத்தை விற்றுவிடுங்கள். பார்க்கும்போதெல்லாம் குற்றவுணர்வைத் தரும் ஒரு பொருளை வீட்டில் வைத்திருப்பதால் யாருடைய உடலும் தேறாது.

இனி நடை. பத்தாயிரம் அடி என்ற எண்ணை மருத்துவம் கண்டுபிடிக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி, 1965-இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று அடிகளை எண்ணும் கருவியை 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள்படும் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த விளம்பரப் பெயர்தான் பிறகு உலகம் முழுவதும் மருத்துவ உண்மை போலப் பரவிவிட்டது. அமெரிக்காவில் சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களைக் கவனித்த ஆய்வு 2019-இல் வெளியானது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தெரியவில்லை. உங்களைவிட மூத்தவர்களைப் பற்றிய கணக்கு இது என்றாலும், முதல் சில ஆயிரம் அடிகளில்தான் பயனின் பெரும்பகுதி இருக்கிறது என்பது தெரிகிறது.

சர்க்கரையைப் பொறுத்தவரை எவ்வளவு நடக்கிறோம் என்பதைப் போலவே எப்போது நடக்கிறோம் என்பதும் முக்கியம். சாப்பிட்ட ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் இரத்தச் சர்க்கரை உச்சத்தைத் தொடும். வேலை செய்யும் தசை, இன்சுலின் வந்து கதவைத் திறக்கும் வரை காத்திராமல் இரத்தத்திலிருந்து குளுக்கோஸைத் தானே எடுத்துக்கொள்ளும் திறன் உடையது. அதனால் இரவு உணவுக்குப் பிறகு நடக்கும் பத்து அல்லது பதினைந்து நிமிடம், அளவில் சிறியதானாலும் வேலையில் பெரியது. வேர்க்க வேண்டியதில்லை, மூச்சு வாங்க வேண்டியதில்லை. பேசிக்கொண்டே நடக்க முடியும் வேகம் போதும். நீங்கள்தான் பேசிக்கொண்டே நடக்கப் போகிறீர்களே.

ஊரின் மேடும் பள்ளமுமான ஒற்றையடி வழிகளில், தெருநாய்களுக்கு நடுவில், இரவு எட்டரைக்கு ஒரு பெண் தனியாக நடந்து போக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். முற்றம் போதும். இரண்டு பருவமழையும் பெய்யும் பகுதியில் வாழ்கிறோம். மழை நாளில் முன்வாசலிலிருந்து அடுக்களை வரை வீட்டுக்குள்ளேயே போய் வாருங்கள். பார்ப்பவர்கள் சிரித்தால் மாமியாரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்சம். அதற்குச் சற்று விரைந்த நடை வேண்டும். அங்கே போய்ச் சேர ஆறு மாதம் எடுத்துக்கொள்ளலாம். காலையில் களியக்காவிளை வரை நீங்கள் எப்படிப் போகிறீர்கள் என்று எழுதவில்லை. மகன் இருசக்கர வண்டியில் கொண்டுவிடுவதாக இருந்தால், பேருந்து நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கி நடப்பதை மூன்றாம் மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டில் நான் முதலில் கேட்பது நீங்கள் எப்போது, யாருக்குப் பிறகு உண்கிறீர்கள் என்பதைத்தான். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் பெண்ணின் தட்டில் இரண்டு கோளாறுகள் நேர்கின்றன. மீன் துண்டு தீர்ந்து குழம்பு மட்டும் மிஞ்சியிருக்கும். அதே வேளையில் வீணாகப் போகக் கூடாது என்று மகள் மீதி வைத்த சோறும் பானையின் கடைசிக் கரண்டியும் தட்டுக்கு வந்துவிடும். புரதம் குறைந்து மாவுச்சத்து கூடுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. மாமியார் சாப்பிடும் எட்டு மணிக்கே நீங்களும் தட்டோடு உட்காருங்கள், உங்கள் மீன் துண்டை முதலிலேயே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் தாங்களே பரிமாறிக்கொள்ளட்டும். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்தால் காலையில் பழஞ்சோறு ஆகும்; எப்படியும் அது வீணாவதில்லை.

மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கைப் பற்றிக் கேட்காமலே நீங்கள் குற்றவுணர்வோடு எழுதக்கூடும் என்பதால் நானே முந்திக்கொள்கிறேன். திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரவலாக்கிய பயிர் அது; அரிசி இல்லாத காலங்களில் இந்தப் பக்கத்து மக்களின் வயிற்றைக் காத்தது. அதைக் கெட்ட உணவு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்துதான். புரதம் நூறு கிராமுக்கு ஒன்றரை கிராம் அளவுகூடக் கிடையாது. மாலை ஆறரைக்குக் கிழங்கும் மீனும் தின்று, இரவு ஒன்பதரைக்குச் சோறும் உண்பது வயலில் வேலை செய்தவர்களுக்குச் செரித்தது. நாற்காலியில் இருந்தவர்களுக்குச் செரிக்காது. கிழங்கு உண்ணும் நாளில் அதையே இரவு உணவாக வைத்துக்கொண்டு, கிழங்கைப் பாதியாக்கி, சாளையையோ அயிலையையோ இரட்டிப்பாக்குங்கள். அவித்த தண்ணீரைக் கொட்டிவிடும் பழைய வழக்கத்தைக் கைவிடாதீர்கள். கிழங்கில் இயல்பாக உள்ள சயனைடுச் சேர்மங்கள் அதில்தான் வெளியேறுகின்றன. கஞ்சிக்கும் இதே கணக்குதான். முதலில் பயறும் தோரனும், பிறகு கஞ்சி. காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு மாவுப்பொருளைக் கடைசியில் உண்டால் சர்க்கரை ஏறும் வேகம் குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சோற்றை விட்டுச் சிறுதானியத்துக்கு மாறுவது உங்கள் விருப்பம். அளவு குறையாமல் தானியத்தை மட்டும் மாற்றுவதால் கிடைப்பது அதிகம் இல்லை. சம்பா அரிசிக்கும் அதே பதில்தான்.

ஐந்து சாயாவை அறவே நிறுத்தியது தேவையற்ற வீரம். காஃபினை வழக்கமாக எடுத்துக்கொள்பவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாள் தலைவலியும் எரிச்சலும் வரும். ஏற்கெனவே இரண்டும் உள்ள உங்களுக்கு அந்த நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். சாயாவில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது சர்க்கரை. ஒரு தேக்கரண்டி 4 முதல் 5 கிராம். சாயா ஒன்றுக்கு இரண்டு கரண்டி என்றால் நாளுக்கு 40 முதல் 50 கிராம் ஆகிறது. உணவில் சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு சாயாவிலும் அரைக் கரண்டியாகக் குறைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு படி இறங்குங்கள். நாக்கு எதிர்ப்பே காட்டாது. கடையில் "மதுரம் குறைச்சு" என்று சொன்னால் பாறசாலைக்காரர் உங்களை விநோதமாகப் பார்க்கப் போவதில்லை. இரண்டாவது நேரம். காஃபினில் பாதி உடலைவிட்டு வெளியேறவே ஐந்து மணி நேரம் அளவில் ஆகும். நான்கு மணிச் சாயாவே நாளின் கடைசிச் சாயாவாக இருக்கட்டும். மூன்றாவது, சாப்பாட்டுடன் சேர்த்துக் குடிக்கும் சாயா உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கிறது. தோசையும் சாயாவும் ஒன்றாக என்பது நம் காலைப் பழக்கம். இடையில் ஒரு மணி நேரம் விடுங்கள். அலுவலகம் போய்ச் சேர்ந்து குடிக்கலாம். மதியச் சாப்பாட்டில் ஒரு நெல்லிக்காயோ, பிறகு ஒரு கொய்யாவோ இருந்தால் அது இரும்பு சேர்வதற்கு உதவும்.

கருப்பட்டி போட்டுக் குடித்தால் சர்க்கரை ஏறாது என்று யாராவது சொல்லியிருந்தால், அவர்கள் உங்கள் மேல் அன்பு உள்ளவர்கள், ஆனால் சொன்னது தவறு. அக்கானியை, அதாவது பதநீரைக் காய்ச்சி எடுக்கும் கருப்பட்டியில் சில தாதுக்கள் உண்டு. எஞ்சிய பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். சுவைக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள், கணக்கில் சர்க்கரையாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

இரத்த அழுத்தத்துக்கு உப்பு. நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், அடங்க வேண்டும். கருவாடும் ஊறுகாயும் ஒரே நாளில் தட்டில் வேண்டாம். வீட்டிலேயே ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து குறித்துவைத்தால், அந்த 132/86 உண்மையா அல்லது மருத்துவமனைப் படபடப்பா என்பதும் தெரியும்.

அலுவலக நாற்காலியைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. கைப்பேசியில் வரும் அலுவல் அழைப்புகளை நின்றபடி பேசுங்கள். தண்ணீர்ப் பாட்டிலை மேசையில் வைக்காமல் எழுந்து போய்க் குடியுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் நாற்காலியின் கைப்பிடியைத் தொடாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். நாற்பதைக் கடந்த பெண்ணின் தொடைத் தசைக்கு அது நல்ல பயிற்சி, புடவையிலும் செய்யலாம்.

எரிச்சலைப் பற்றி ஒரு சொல். தூக்கம் கூடி, இரத்தசோகை இருந்தால் அதற்கும் சிகிச்சை எடுத்த பிறகும், பிடித்த காரியங்களில்கூட இரண்டு வாரத்துக்கு மேல் நாட்டமின்றி, காரணமில்லாமல் அழுகை வருவதாக இருந்தால், அதை வாழ்க்கை முறை மாற்றத்தால் சரிசெய்ய முயலாதீர்கள். மருத்துவரிடம் நேரில் சொல்லுங்கள். நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்நேரத்திலும் அழைக்கலாம்; தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. அதுபோலவே, படியேறும்போது நெஞ்சில் பாரமோ வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ வந்தால், என் பதிலை ஓரமாக வைத்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆக, இந்த வாரம் இரத்தப் பரிசோதனை, இன்றிரவே கணவரிடம் நேரமாற்றத்தைப் பற்றிய பேச்சு, முதல் மாதம் தூக்கம் மட்டும். இரண்டாம் மாதம், அழைப்போடு நடையும் எட்டு மணி உணவும். சாயாச் சர்க்கரையை அதன் பிறகு தொடலாம். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சியைத் திரும்ப எடுங்கள். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால் அதற்கு முன்னால் எடுத்தால் பழைய கதையையே பெரும்பாலும் காட்டும். முதலில் எடுத்த அதே ஆய்வகத்தில் எடுங்கள், இல்லையென்றால் இரண்டு எண்களையும் ஒப்பிடுவது சிரமம். எச்பிஏ1சிக்கு வெறும் வயிறு தேவையில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சேர்த்து எடுப்பதாக இருந்தால் முந்தைய இரவு உணவுக்குப் பிறகு எட்டு மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது, சர்க்கரை போடாத சாயாவும் கூடாது. முடிவு வந்ததும் எழுதுங்கள். ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்து எழுதுங்கள்.